படிவத்தின் பின்பக்கம்

படிவம் தயாரிப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு அமைப்புக்கு என்னென்ன தகவல் தேவை, அது யாரிடம் இருக்கிறது, யார் வந்து கேட்கிறார்கள், கேட்டவருக்குப் பதில் போய்ச் சேருகிறதா என்று பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. கேள்விகளை வரிசைப்படுத்தி, கட்டம் போட்டு, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் வைத்து முடிக்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் மற்றவர்களுக்குப் பட்டுப்புடவை எடுக்கும்போது வருமாயிருக்கும். வீட்டில் மளிகைச் சாமான் பட்டியலைக்கூடக் கட்டம் போட்டுத்தான் எழுதுவேன். என் கணவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு தொண்டு அறக்கட்டளையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டில் அவர்கள் ஒரு தகவல் மையம் நடத்திவந்தார்கள். மையம் என்றதும் கண்ணாடிக் கதவெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். ஷட்டர் போட்ட ஒரு கடை, அவ்வளவுதான். முன்பு சிமென்ட் மூட்டை அடுக்கியிருந்த இடம் என்பதால் எத்தனை தடவை பெருக்கினாலும் மூலையிலிருந்து சாம்பல் நிறத் தூசி வந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் டிபன் கடை, மறுபக்கம் போன் ரீசார்ஜ் கடை. சுற்றியிருக்கும் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் அங்கே வந்து ரூம் எங்கே கிடைக்கும், எந்த டாக்டரிடம் போவது, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுப் போவார்கள். அதிலும் தென் மாவட்டங்களிலிருந்து வந்து ரூமிலும் ஹாஸ்டலிலும் தங்கியிருக்கும் பெண்களே அதிகம்.

அறக்கட்டளைக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது. யாரோ ஒரு நண்பர் இலவசமாகவே ஒரு செயலி செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். எல்லாருடைய கையிலும் போன் இருக்கும்போது கடை எதற்கு, மூடிவிடலாமே என்று சிலர் நினைத்தார்கள். ஒரு மாதம் அங்கே இருந்து, இந்த மையத்துக்குத் தேவை இருக்கிறதா, இருந்தால் எந்த மாதிரியான தகவல் அமைப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். தாம்பரத்தில் ரயில் ஏறி, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் தொற்றி உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன்.

மையத்தின் பொறுப்பாளர் ஏறக்குறைய என் வயதுப் பெண்மணி. உள்ளூர் விவசாயக் குடும்பம். நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு பல வருடம் காண்ட்ராக்டில் ஒரு கம்பெனியின் உற்பத்தி லைனில் நின்று வேலை பார்த்தவர். மையம் திறந்த நாளிலிருந்து அவர் ஒருவர்தான் அங்கே எல்லாம். நான் பையை வைத்து உட்காருவதற்குள் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சுத்தி வளச்சிப் பேச எனக்கு வராது மேடம். நீங்க எழுதறத வச்சிதான் இத மூடறதா வைக்கறதான்னு முடிவு பண்ணப் போறாங்க. மூடினா நான் மறுபடி லைன்ல போயி நிக்கணும். நிக்கறதுகூட பரவால்ல. இங்க என்னியத் தேடிகினு நாலு பேர் வர்றாங்க. அங்க யாரு வருவா?"

நான் நடுநிலையோடுதான் எழுதுவேன் என்று அதிகாரி தோரணையில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். அந்தத் தோரணை எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் டீ குடித்தேன்.

படிவத்தை நான் முன்பே தயாரித்துக் கொண்டு போயிருந்தேன். தங்குமிடம், மருத்துவம், போக்குவரத்து, வேலைச் சட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி. 'இந்தத் தகவல் உங்களுக்கு எளிதாகக் கிடைக்கிறதா? ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பிடவும்.' அதோடு விட்டேனா? 'ஐந்துக்குக் குறைவாக அளித்தால் காரணம் எழுதவும்' என்று அடியில் ஒரு வரியும் சேர்த்திருந்தேன். அந்த வரியைச் சேர்த்தபோது என் தோளை நானே தட்டிக்கொண்டேன். முதல் ஷிப்ட் முடிந்து பஸ்கள் வந்து நிற்கிற நேரத்தில் ஷட்டர் வாசலில் நின்று நீட்டினேன். பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். நான் எதிர்பார்த்ததற்கு மேல் ஒழுங்காக, ஒரு கட்டம்கூட விடாமல் பூர்த்தி செய்து கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் இரண்டு கட்டுச் சேர்ந்துவிட்டது.

மேசையில் பரப்பி வைத்து ஆசையோடு கூட்ட உட்கார்ந்தேன். முதல் தாளில் எல்லாவற்றுக்கும் ஐந்து. அடுத்த தாளிலும் ஐந்து. நடுவிலிருந்து உருவிப் பார்த்தேன், ஐந்து. ரூம் கிடைக்கிறதா, ஐந்து. டாக்டர், ஐந்து. சட்டம் தெரியுமா, அதற்கும் ஐந்து. என் கணக்குப்படி வடக்குப்பட்டில் யாருக்கும் எந்தத் தகவலும் தேவையே இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. முந்தின நாள்தான் ஒரு பெண் என் கண்ணெதிரில், காய்ச்சலோடு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தெரியாமல் வந்து நின்றாள். அவளும் அந்தத் தாளில் மருத்துவத்துக்கு ஐந்து போட்டிருப்பாள் என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

பொறுப்பாளர் ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு இன்னும் எரிச்சலாகிவிட்டது. சிரிப்பு அடங்கிய பிறகு அவர் விளக்கினார். கம்பெனியில் கேன்டீன் சாப்பாட்டிலிருந்து கழிவறை வரைக்கும் எல்லாவற்றுக்கும் இதே மாதிரி ஒரு தாள் கொடுப்பார்களாம். ஐந்துக்குக் கீழே போட்டால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் சூப்பர்வைசர் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிப்பார். அதற்குள் பஸ் போய்விடும். பஸ்ஸை விட்டால் ரூமுக்கு நடைதான். அதனால் ஒன்று முதல் ஐந்து வரை என்று எங்கே பார்த்தாலும் கை தானாக ஐந்தில் போய் நிற்கும். நானே லைனில் நின்றபோது இப்படித்தான் வருஷக்கணக்காகப் போட்டேன், ஒரு தடவைகூட எதையும் படித்ததில்லை என்றார்.

சொல்லி முடித்ததும்தான் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. சிரிப்பு நின்றது. தாள்களைத் தட்டி அடுக்கினார்.

"தேவையே இல்லன்னு எங்க பொண்ணுங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மாதிரி ஆயிடுச்சே மேடம். இத அப்படியே அனுப்பினா ஷட்டர இறக்க வேண்டியதுதான்."

அந்த வரியைச் சேர்த்தவள் நான். அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் மனசு எதிலும் ஒட்டவில்லை.

மறுநாள் காலை மையத்தைத் திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் மூச்சு வாங்க ஓடிவந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். மதிய ஷிப்டுக்குப் போக வேண்டியவள், தலைகூடச் சீவவில்லை.

"எக்கா, நேத்து நான் குடுத்த பேப்பரத் திருப்பித் தருவியளா? பின்னால எங்க சித்தி மவளுக்கு வழி எழுதி வச்சிருந்தேன். மறந்து போய் உங்கட்டக் குடுத்துட்டேன். அவ நாளைக்கு ரயிலேறுதா."

மூன்று பேருமாகத் தாள்களைப் புரட்டித் தேடினோம். நான் அதுவரை எந்தத் தாளையும் திருப்பிப் பார்க்கவே இல்லை. கட்டின் அடியில் அது கிடைத்தது. முன்பக்கம் வழக்கம்போல எல்லாம் ஐந்து. பின்பக்கத்தில் ஓரம் விடாமல் பொடி எழுத்தில் நிறைத்திருந்தாள். படிக்கலாமா என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சரி என்றாள்.

எக்ஸ்பிரஸ் சிங்கப்பெருமாள் கோவிலில் நிற்காது, செங்கல்பட்டில் இறங்கி லோக்கல் மாறு, ரெண்டாவது ஸ்டேஷன் என்று ஆரம்பித்தது. ஷேர் ஆட்டோவில் ஒரகடம் என்று மட்டும் சொல்லாதே, எந்தக் கம்பெனி கேட் என்று சொல்லு, இல்லாவிட்டால் பாலத்துக்கு அடியில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். வேலைக்குச் சேருமுன் மெடிக்கல் டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், பையில் ஒரு பன் வைத்துக்கொள். ஷூ ஒரு சைஸ் பெரிதாகக் கேள், நின்று நின்று சாயங்காலம் கால் வீங்கும். ரூம் பார்க்கப் போனால் சுவரைப் பார்க்காதே, குழாயைத் திறந்து பார், மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று கேள். ஓனரம்மா தங்கமானவங்க, ஆனால் கருவாடு வறுத்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாங்க. கடைசியில், அழுகை வந்தால் பாத்ரூமில் அழாதே, பக்கத்து ரூமுக்கெல்லாம் கேட்கும், மொட்டை மாடிக்குப் போ, அதுவும் முதல் வாரம்தான் வரும் என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபது வருடமாக நான் எழுதிய எந்த அறிக்கையிலும் இப்படி ஒரு பக்கம் இல்லை. தாளை அவளிடம் கொடுப்பதற்கு முன் ரீசார்ஜ் கடைக்கு ஓடிப்போய் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். அவள் ஓடிய பிறகு என் படிவத்தின் மிச்சப் பிரதிகளை எல்லாம் எடுத்துத் திருப்பிப் போட்டேன். வெள்ளையாக இருந்த பக்கத்தின் தலையில் ஒரே ஒரு வரி எழுதினேன்: 'நாளைக்கு உங்க ஊர்ல இருந்து ஒருத்தங்க இங்க வேலைக்கு வர்றாங்க. அவங்களுக்கு என்ன சொல்லுவீங்க?' கட்டம் இல்லை. மதிப்பெண் இல்லை. கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன்.

அடுத்து வந்த ஏழெட்டு நாள் போலச் சந்தோஷமாக நான் எங்கும் வேலை பார்த்ததில்லை. ஐந்து போட்டுவிட்டு அரை நிமிஷத்தில் போன பெண்கள் இப்போது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினார்கள். ஒருத்தி இன்னொரு தாள் கேட்டு வாங்கினாள். ஒருத்தி எந்தத் தெருவில் எந்த நாய் துரத்தும் என்று படமே வரைந்துவிட்டாள், கடிக்காத நாய்க்குச் சிரித்த முகம் போட்டு. உள்ளூர்ப் பெண்கள் தென் மாவட்டத்துப் பெண்களின் தாளை எட்டிப் பார்த்து, இது இன்னாடி தப்பா எழுதிகினு கீற என்று சண்டைக்கு வந்தார்கள். வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டுக்கார அம்மா செய்தி கேள்விப்பட்டு, என் பக்கத்து நியாயத்தையும் எழுத வேண்டும் என்று வந்து ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போனார். டிபன் கடைக்காரர் பேனா இரவல் கொடுத்தே ஓய்ந்து போனார்.

தேவை எங்கே இருக்கிறது என்பது அந்தத் தாள்களில்தான் தெரிந்தது. தெரியாதவர் யாருமே இல்லை. ஆனால் ஒவ்வொருத்திக்கும் அவள் கேட், அவள் பஸ், அவள் ஹாஸ்டல் மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத் பஸ் எங்கே நிற்கும் என்பதற்கு ஐந்து பேர் ஐந்து இடம் எழுதியிருந்தார்கள், அதுவும் சத்தியம் செய்கிற உறுதியோடு. பொறுப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் வாங்கிப் பிரித்தார். இது போன வருஷத்துச் சேதி, இப்ப கிடையாது. இது அந்த ஒரு கேட்டுக்கு மட்டும் சரி. இது சும்மா கிளப்பிவிட்ட புரளி. இந்த டாக்டர் வேற இடத்துக்குப் போயிட்டார். நான் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில்கூட அவர் தயங்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு உடனே போன் போட்டு யாரையோ கேட்டார்.

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அறக்கட்டளையிலிருந்து தலைவரும் இன்னும் இரண்டு பேரும் முடிவு சொல்ல வந்தார்கள். தலைவர் இதே வட்டாரத்தில் ஒரு கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், சட்டை மடிப்புக் கலையாதவர். பொறுப்பாளர் அன்று காலையிலிருந்து இரண்டு தடவை தரையைத் துடைத்துவிட்டார். நான் எல்லாவற்றுக்கும் ஐந்து கிடைத்த கதையிலிருந்து ஆரம்பித்தேன். தலைவர் முகம் ஒரு மாதிரி ஆனது. எங்கள் கேன்டீனுக்கும் எப்போதும் ஐந்துதான் வரும், அதை நம்பி நான் கேடயம் எல்லாம் கொடுத்தேனே அம்மா என்றார். பிறகு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பொறுப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே பஸ்கள் வந்துவிட்டன. கூட்டம் முடியும் வரை யாரும் வர வேண்டாம் என்று சொல்லி வைக்க எனக்கும் தோன்றவில்லை, பொறுப்பாளருக்கும் தோன்றவில்லை. இருபது முப்பது பெண்கள் பையோடு உள்ளே நுழைந்தார்கள். நாற்காலிகள் கைமாறின. தலைவர் எழுந்து தண்ணீர் கேன் பக்கமாக ஒதுங்கி நின்றார். ஒரு பெண் அவரை மையத்தின் ஆள் என்று நினைத்து, சார், மெடிக்கல் எடுத்துகினு வரச் சொல்லிட்டாங்க, எங்க எடுக்கறது என்று கேட்டாள். அவர் முழித்தார். பிறகு கூட்டத்தின் தலைக்கு மேலே பொறுப்பாளரைப் பார்த்து அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டார். பொறுப்பாளர் திரும்பாமலேயே பதில் சொன்னார். தலைவர் அதை அந்தப் பெண்ணிடம் சொன்னார். உடனே இன்னொருத்தி கேட்டாள். அடுத்து வேறொருத்தி. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் முக்கால் மணி நேரம் கேள்வியை வாங்கிக் கொடுத்து, பதிலை வாங்கிக் கொடுத்து நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு உற்சாகம். மற்ற இரண்டு பேரும் ஒரு பெண்ணிடம் நாய்ப் படத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த அம்மா ஒரு நாள் வரலைன்னா இந்தப் பொண்ணுங்க யாரைக் கேப்பாங்க?"

"அதுதான் சார் தேவை. என் அறிக்கையில இருக்கறது அந்த ஒரு வரிதான்" என்றேன்.

மிச்சத்தையும் சொன்னேன். இந்த அமைப்புக்குத் தகவல் முறை ஏற்கெனவே இருக்கிறது, அது இவருடைய தலைக்குள் இருக்கிறது. அதைத் தாளில் இறக்க வேண்டும், மாதா மாதம் சரிபார்க்க வேண்டும், இன்னொருவரைப் பழக்க வேண்டும். செயலி வேண்டுமானால் அதற்குப் பிறகு வரட்டும், உள்ளே போடுவதற்கு அப்போதுதான் ஏதாவது இருக்கும். மூன்று பேரும் வெளியே போய் டிபன் கடை வாசலில் நின்று டீ குடித்தபடி பேசினார்கள். பொறுப்பாளர் அவர்கள் பக்கம் பார்க்காமல் தாள்களை அடுக்கினார், கலைத்து மறுபடி அடுக்கினார். தலைவர் திரும்பி வந்து, மூடப் போவதில்லை, இன்னொரு ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். பொறுப்பாளர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நானும் கண்ணைத் துடைத்தேன். நடுநிலை அன்றோடு போயிற்று.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது பொறுப்பாளர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அல்லாரையும் கேட்டீங்க மேடம். என்னிய ஒரு வார்த்தை கேக்கலியே."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. ஒரு மாதம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பெண்களைக் கேட்டேன், வீட்டுக்காரர்களைக் கேட்டேன், ஆட்டோக்காரர்களைக்கூடக் கேட்டேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று இவரைக் கேட்கவில்லை. இப்போது கேட்டேன். அவர் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

"ஒரு ஞாயித்துக்கெழமை."

ஞாயிறுதான் பெண்களுக்கு விடுமுறை, அன்றுதான் மையத்தில் கூட்டம் அதிகம். திறந்த நாளிலிருந்து அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் இருந்ததில்லை. வாலாஜாபாத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வரச் சொல்லி ஒவ்வொரு வாரமும் போன் வருமாம், ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்பாராம். தலைவர் பேனாவை என்னிடம் நீட்டினார். பரிந்துரைகளின் கடைசியில் 'பொறுப்பாளருக்கு ஞாயிறு விடுமுறை' என்று என் கையாலேயே எழுதினேன். தலைவர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

புதிய ஆள் வரும்வரை ஞாயிற்றுக்கிழமைகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். மறுநாள் ஞாயிறு காலையில் ஷட்டரைத் தூக்கி, தாள்களைத் தலைப்புவாரியாக மேசையில் வைத்து உட்கார்ந்தேன். முதலில் வந்தவள் பல் வலியால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்குத் திறந்திருக்கும் பல் டாக்டர் யார் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பதற்றத்தில் தாள்களை மறந்து பொறுப்பாளருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அக்கா வீட்டில் இருக்கிறார் என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

நான் கூப்பிட்டு ஒருவர் எடுக்காததற்காக வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னேன். மருத்துவம் என்று எழுதிய கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகப் படிக்க ஆரம்பித்தேன்.